லூட்டி முதல் லூசி வரை: ஒரு நாய்க்குட்டி வியாபாரத்தின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன் டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களிடம் வரலாறு படித்த ஒரு பிள்ளை. இப்போது இருபது, இருபத்தொரு வயதிருக்கும். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொமரேனியன் குட்டி. பக்கத்தில் அளவு காட்ட ஒரு தேநீர்க் கோப்பை. கீழே, "டீகப் சைஸ், ஷோ குவாலிட்டி, விலைக்கு இன்பொக்ஸ்." அதற்குக் கீழே அவனுடைய கேள்வி: "சேர், நான் வளக்கிறல்ல. ஒரு இடத்தில எடுத்து, கொமிஷன் வச்சுக் குடுக்கிறன். இந்தக் காசு ஹலாலா?"

மார்க்கத் தீர்ப்பை மௌலவிமாரிடம் கேள் மகன் என்று சொன்னோம். அது எங்கள் வேலை அல்ல. ஆனால் அந்தக் கோப்பை, அந்த "ஷோ குவாலிட்டி" என்ற சொல், இரண்டுக்கும் பின்னால் ஏறக்குறைய 170 வருட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வது எங்கள் வேலைதான். அவனுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கே போடுகிறோம்.

*

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது.

1835 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் மிருகவதைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எருதையும் கரடியையும் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் விளையாட்டுகள் தடைசெய்யப்பட்டன. நாய்களைச் சண்டையிட வைத்துப் பந்தயம் கட்டிய ஆட்கள் வேறு பொழுதுபோக்குத் தேட வேண்டியிருந்தது. லண்டன் மதுக்கடைகளின் மேல்மாடிகளில் சின்ன நாய்களை மேசைமேல் நிறுத்தி எது அழகு, எது சிறிது என்று போட்டி வைக்கும் வழக்கம் பரவியது. சண்டை நின்றது, போட்டி நிற்கவில்லை.

சின்ன நாய்களுக்கு அப்போதே நல்ல விலை. விலை வந்த இடத்துக்குத் திருடனும் வருவான். கவிஞர் எலிசபெத் பாரட் பிரவுனிங்கின் ஸ்பானியல் நாய் ஃபிளஷ் மூன்று தடவை கடத்தப்பட்டது. மூன்று தடவையும் அவர் பணம் கொடுத்தே மீட்டார். கடத்துவதும் பேரம் பேசுவதும் ஒரு தொழிலாகவே நடந்தன. பழைய ஆங்கிலச் சட்டத்தில் நாய் களவுபோகக்கூடிய சொத்தாகக் கருதப்படவில்லை. அதனால் 1845 இல் நாய்த் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இதைக் கவனியுங்கள். பணக்கார வீட்டுச் செல்லம் ஆன பிறகுதான் நாய் சட்டத்தின் கண்ணில் ஒரு பெறுமதியுள்ள பொருளாக மாறியது.

1859 ஜூன் மாதம். நியூகாசில் நகரம். முறையாக நடத்தப்பட்ட முதலாவது நாய்க்கண்காட்சி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். கலந்துகொண்டவை சுமார் 60 நாய்கள். எல்லாமே பொயின்டர், செட்டர் எனும் வேட்டை நாய்கள். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி. உள்ளூர்த் துப்பாக்கி வியாபாரி ஒருவர் கொடுத்தது. முதல் கண்காட்சியிலேயே வியாபாரம் கூடவே நின்றது என்பதற்காகச் சொல்கிறோம்.

*

அடுத்த வருடம் சீனாவில் ஒரு சம்பவம்.

இரண்டாம் அபின் யுத்தம். 1860 ஒக்டோபரில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்குக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் என்ற கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்தன. பின்னர் அதற்குத் தீ வைக்கக் கட்டளையிட்டவர் எல்ஜின் பிரபு. கிரேக்கத்தின் பார்த்தெனன் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்ற எல்ஜினின் மகன் இவர். தங்கள் தூதுக்குழுவினர் சிறைப்பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதற்குத் தண்டனை என்றார்கள். நூற்றைம்பது வருடங்களாகக் கட்டி எழுப்பிய மாளிகைகள் சில நாட்களில் சாம்பலாகின.

அந்த அரண்மனையில் சீன அரச குடும்பத்தினர் வளர்த்த சின்னஞ்சிறு நாய்கள் இருந்தன. பீகினீஸ் என்று இன்று சொல்கிறோமே, அந்த இனம். ஐந்து நாய்கள் படையினரிடம் அகப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் ஒன்றைக் கப்டன் டன் என்ற அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1861 இல் விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

அரண்மனையில் அதற்கு வைத்த பெயர் "லூட்டி".

லூட் என்றால் கொள்ளை. அந்தச் சொல்லே ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து, ஹிந்துஸ்தானியிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். கொள்ளையடித்த நாய்க்குக் கொள்ளையடித்த சொல்லால் பெயர் வைத்து, ஓவியனை அழைத்துப் படமும் வரைந்தார்கள். அதில் ஒருவருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. லூட்டி 1872 வரை வாழ்ந்தது.

வகுப்பில் ஏகாதிபத்தியம் என்ற பாடத்தை யுத்தம், ஒப்பந்தம், வரி என்று படிப்பிக்கிறோம். இந்த ஒரு நாயின் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

*

1873 இல் லண்டனில் கெனல் கிளப் உருவானது. உலகின் முதலாவது அப்படியான அமைப்பு. அடுத்த வருடமே நாய்களின் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டார்கள். தகப்பன் யார், தாய் யார், பாட்டன் யார். பிரபுக்களின் குடும்ப மரம் போல நாய்க்கும் ஒரு குடும்ப மரம்.

அதற்கு முன்னர் ஒரு நாய் "நல்ல நாய்" என்றால், ஆடு மேய்க்கும், வேட்டைக்குப் போகும், வீடு காக்கும். செய்யும் வேலைதான் அளவுகோல். கண்காட்சி வந்த பிறகு தோற்றம் அளவுகோலானது. காதின் நீளம், மூக்கின் குட்டை, முடியின் அடர்த்தி எல்லாம் தாளில் எழுதப்பட்டன. தாளில் உள்ளதற்குக் கிட்ட வரும் நாய்க்குப் பரிசு. பரிசு வாங்கிய நாயின் குட்டிக்கு விலை.

சார்ள்ஸ் க்ரஃப்ட் என்பவரின் பெயரில் நடக்கும் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி இன்றும் உலகப் பிரசித்தம். 1891 இல் லண்டன் இஸ்லிங்டனில் தொடங்கியது. இந்த க்ரஃப்ட் என்ன தொழில் செய்தவர்? ஸ்ப்ராட் என்ற கம்பனியில் நாய் பிஸ்கட் விற்றவர். நாய் வளர்ப்போர் கூடினால் பிஸ்கட் விற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சிக்கே விக்டோரியா மகாராணி தன் பொமரேனியன்களை அனுப்பினார். பரிசும் கிடைத்தது. இங்கேதான் எங்கள் மாணவன் அனுப்பிய விளம்பரத்தின் வேர் இருக்கிறது.

பொமரேனியன் ஆரம்பத்தில் இவ்வளவு சிறிய நாய் அல்ல. வட ஐரோப்பாவின் ஸ்பிட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த, நல்ல உடம்புள்ள நாய். 1888 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போன மகாராணி அங்கே மார்கோ என்ற ஒரு சின்னப் பொமரேனியனை வாங்கினார். அதன் நிறை சுமார் 12 இறாத்தல். மகாராணி சின்னதை விரும்புகிறார் என்று தெரிந்ததும் நாடே சின்னதை விரும்பியது. வளர்ப்பவர்கள் சிறியதைச் சிறியதோடு சேர்த்து இன்னும் சிறியதை எடுத்தார்கள். இன்று பிரித்தானியக் கெனல் கிளப்பின் அளவுப்படி ஆண் பொமரேனியன் 2 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 12 இறாத்தல் என்றால் ஐந்தரைக் கிலோ. மகாராணி "சின்னது" என்று ஆசைப்பட்ட நாய் இன்றைய மேடையில் பூதம் போலத் தெரியும்.

"டீகப்" என்று ஓர் இனம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது விற்பவர்கள் உண்டாக்கிய சொல். இரண்டு கிலோவும் போதாது என்று இன்னும் குறைப்பதற்கு வைத்த பெயர். அப்படிப் பிறக்கும் குட்டிக்கு ஒருவேளை உணவு தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கிவிடும். முழங்கால் சிரட்டை இடம் மாறும். உச்சிக்குழி மூடாமலே இருந்துவிடுவதும் உண்டு. தாயின் நிலை அதைவிட மோசம். இடுப்பு அவ்வளவு சிறியது என்பதால் பல தாய்களுக்கு வயிற்றைக் கிழித்தே குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பிரசவத்தில் ஒன்று, இரண்டு, மூன்று குட்டிதான். குட்டி குறைவு என்பதால் விலை கூடுகிறது. விலை கூடுவதால் தாயை மீண்டும் மீண்டும் ஈன வைக்கிறார்கள்.

*

இன்னொரு இனத்தின் கதை இதைவிடக் கவலையானது.

பழைய ஆங்கில ஓவியங்களில் அரச குடும்பத்தின் மடியில் ஒரு ஸ்பானியல் நாய் இருக்கும். நீண்ட மூக்கு, தட்டையான தலை. இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் இந்நாய்களில் உயிராக இருந்தவர் என்பதால் அவர் பெயரே இனத்துக்கு வந்தது. விக்டோரியா காலத்துக் கண்காட்சி மேடையில் இதன் மூக்கு வருடம் வருடமாகக் குறுகி, மண்டை உருண்டையாகி, முகம் தட்டையானது.

1926 இல் ரொஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் க்ரஃப்ட்ஸுக்கு வந்தார். ஓவியத்தில் பார்த்த நீண்ட மூக்கு நாயைத் தேடினார். ஒன்றும் இல்லை. ஆகவே பழைய சாயலில் நாய் கொண்டுவருபவருக்கு 25 பவுண் பரிசு என்று ஐந்து வருடங்களுக்கு அறிவித்தார். அந்தப் பரிசால் பிறந்ததே கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல். 1928 இல் சங்கம் அமைந்தது. 1945 இல் தனி இனமாக ஏற்கப்பட்டது.

நோக்கம் நல்லது. கண்காட்சி கெடுத்ததைக் கண்காட்சியாலேயே திருத்தப் பார்த்தார்கள். ஆனால் தொடக்கத்தில் எடுத்த நாய்கள் ஒரு கைப்பிடி. நடுவில் இரண்டாம் உலக யுத்தம் வந்து அவற்றிலும் பல போய்விட்டன. எஞ்சிய சிலவற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். நெருங்கிய இரத்தத்துக்குள் இப்படிச் சேர்த்தால் மறைந்திருக்கும் நோய் மேலே வரும் என்பது விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தெரிந்த விடயம். இன்று கவலியர்களில் ஏறத்தாழ அரைவாசிக்கு ஐந்து வயதிலேயே இதய வால்வு நோயின் அறிகுறி கேட்கிறது. பத்து வயதில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இன்னொன்று, மூளைக்கு மண்டையோட்டுக்குள் போதிய இடமில்லாமல் முள்ளந்தண்டுக்குள் நீர் கோர்க்கும் நோய். அந்த நாய்கள் கழுத்தைத் தொட்டால் அலறும். நடக்கும்போதே காற்றில் சொறியும். பார்ப்பவர்கள் விளையாடுகிறது என்று சிரிப்பார்கள். அது வலி.

2008 ஓகஸ்டில் பிபிசி தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தில் இதை நாட்டுக்கே காட்டியது. பெரும் கொந்தளிப்பு. பல வருடங்களாக க்ரஃப்ட்ஸை ஒளிபரப்பிய அதே பிபிசி 2009 இல் ஒளிபரப்பவில்லை. கெனல் கிளப் இனங்களின் அளவுகோல்களைத் திருத்தியது. தகப்பன் மகள், தாய் மகன், உடன்பிறந்தவை ஆகியவற்றைச் சேர்த்துப் பிறக்கும் குட்டிகளைப் பதிவதை நிறுத்தியது. கேம்பிரிட்ஜ் விலங்கியல் பேராசிரியர் பேட்ரிக் பேட்சன் 2010 இல் விசாரணை அறிக்கை வெளியிட்டார். 2012 க்ரஃப்ட்ஸில் 15 இனங்களின் வெற்றியாளர்களை மிருக வைத்தியர்கள் தனியாகப் பரிசோதித்தார்கள். ஆறு நாய்கள் தகுதி இழந்தன. அதில் ஒன்று பீகினீஸ், லூட்டியின் இனம்.

நோர்வேயில் விடயம் நீதிமன்றம் வரை போனது. கவலியர் நாய்களை அங்கே இனப்பெருக்கம் செய்யும் முறை மிருகநலச் சட்டத்துக்கு முரணானது என்று 2022 இல் தீர்ப்பு வந்தது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்குப் போகும் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். தங்கள் நாயின் இதயத்தைப் பரிசோதித்து, வருடத்தில் ஒரு தடவைகூடக் குட்டி போட விடாமல், வாங்க வருபவரைப் பத்துக் கேள்வி கேட்டு அனுப்பும் ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் மேடை ஒரு வடிவத்துக்கு ஆசையைக் கிளப்பிவிடுகிறது. அந்த ஆசையைத் தீர்க்க மேடைக்காரர்களிடம் போதிய குட்டிகள் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் நாய்ப்பண்ணைக்காரன் நுழைகிறான்.

*

இனி லூசி.

லூசி ஒரு கவலியர். வேல்ஸில் ஒரு நாய்ப்பண்ணையில் வருடக்கணக்காகக் குட்டி போட வைக்கப்பட்ட தாய். 2013 இல் மீட்கப்பட்டபோது, சின்னக் கூட்டுக்குள்ளேயே கிடந்ததால் முதுகு வளைந்து, இடுப்பு இறுகி, உடம்பில் முடி உதிர்ந்த திட்டுகளோடு இருந்தது. அது போட்ட குட்டிகள் எல்லாம் எங்கோ பளபளப்பான கடைகளில், அழகான படங்களோடு விற்கப்பட்டிருக்கும். வாங்கிய ஒருவரும் லூசியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2016 டிசம்பரில் லூசி இறந்தது. மார்க் ஏப்ரகாம் என்ற மிருக வைத்தியர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பின்னர், 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதை "லூசியின் சட்டம்" என்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகர் வியாபாரமாக விற்கக்கூடாது. வளர்த்தவரிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும். குட்டியைத் தாயோடு, பிறந்த இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

இவ்வளவு பெரிய வரலாறு கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு சின்னக் கேள்வி: தாயைப் பார்த்தாயா?

*

"எங்களுக்கு இது என்னத்துக்கு? நாங்கள் நாய் தொடுகிறதில்லையே" என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வெள்ளிக்கிழமை தோறும் ஸூரா கஹ்ஃப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை அல்லாஹ் அதில் சொல்லாமல் விடவில்லை. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர் ஆடை அணிந்த பலரை விட நாய்கள் மேலானவை என்று ஒரு நூலே எழுதினார். நஜீஸ் என்ற சட்டம் வேறு. அந்த உயிரின் வலி நமக்குப் பொருட்டில்லை என்பது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை நியாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை.

நாயின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் வியாபாரம் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் பயனுள்ள நாய்க்கு வேறு கருத்து உண்டு. விரிவை உலமாக்களிடம் கேளுங்கள்.

எங்களை அதிகம் உலுக்குவது அபூதாவூதில் வரும் இன்னொரு சம்பவம். ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சின்னப் பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். இதன் பிள்ளைகளை எடுத்து இதை நோகடித்தது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். லூசியின் சட்டத்துக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியது இது. குஞ்சு எவ்வளவு அழகு என்று அவர்கள் கேட்கவில்லை. தாயைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இன்னும் ஒன்று. நாய் வளர்க்காத நம் வீடுகளில் பூனை இருக்கிறது. இப்போது நம்மூர்களிலும் "பேர்ஷியன்" மோகம். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை. அது உறங்கும்போது குறட்டை விடுவதைக் காணொளி எடுத்துப் போடுகிறோம். கண்ணில் நீர் வடிவதைத் துடைத்துவிட்டு "வடிவு" என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கும் அதே வேர்தான். 1871 இல் லண்டன் கிறிஸ்டல் பெலஸில் முதலாவது பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தியவர் ஹரிசன் வீர். மக்கள் பூனையை அன்போடு நடத்தப் பழக வேண்டும் என்பதே அவர் நோக்கம். பிற்காலத்தில், பூனையின் நலனை விடப் பரிசுதான் ஆட்களுக்குப் பெரிது என்று மனம் வெறுத்து, தான் தலைமை வகித்த சங்கத்திலிருந்தே விலகினார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை நாம் அடிக்கடி சொல்கிறோம். மூக்கையே அடைத்து வைப்பதைப் பற்றி யார் சொல்வது?

நம் நாட்டுச் சட்டத்தை நம்பியிருக்கவும் முடியாது. இன்னும் கையில் இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. புதிய மிருகநலச் சட்டமூலம் பற்றிப் பல வருடங்களாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதுவரை சட்டம் நம் மனச்சாட்சிதான்.

*

இதையெல்லாம் சுருக்கி அந்தப் பிள்ளைக்கு அனுப்பினோம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "மகன், குட்டியை எடுக்கிற இடத்தில அதுட தாயைக் கண்டிருக்கியா?"

இரண்டு நீல டிக் விழுந்தது. நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பதில் வந்தது.

"இல்ல சேர். உள்ளுக்கு விடமாட்டாங்க. கேட்டிலதான் தருவாங்க."

நாங்கள் மேலே ஒன்றும் எழுதவில்லை. அவன் கேட்ட கேள்விக்கான பதில் அந்த கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அது அவனுக்கே இப்போது தெரியும்.

உங்கள் பிள்ளை குட்டியோ பூனையோ வேண்டும் என்று அடம்பிடித்தால், தெருவில் எத்தனையோ கிடக்கின்றன, காசில்லாமல் ஒரு உயிரைக் காப்பாற்றுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவனிடம் வாங்காதீர்கள். இதைவிட இலகுவான சட்டம் இல்லை. இதற்குப் பாராளுமன்றமும் தேவையில்லை.

உயிர்களிடம் இரக்கம் உள்ளவர்களாக அல்லாஹ் நம் எல்லோரையும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.